அருவிக்கு மேலே எடுத்த பாட்டில்

கடையத்துப் பிளஸ் ஒன் மாணவி நிவேதா எண்ணெய் வைத்துத் தலை பின்னாத நாள் கிடையாது. குற்றாலத்தில் நடந்த நீரியல் மாநாட்டுக்கும் அப்படித்தான் வந்திருந்தாள். குளிப்பவர்கள் தேய்த்து வரும் எண்ணெய் அருவித் தண்ணீரில் எவ்வளவு கலக்கிறது என்பது அவளுடைய ஆய்வு.

அவள் அதை மேடையில் வாசித்து முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு விஞ்ஞானி எழுந்தார். "அருவிக்கு மேல யாரும் குளிக்கிறதில்லையே. அங்க எடுத்த பாட்டில்லயும் எண்ணெய் இருக்கு. எப்படிம்மா?"

அரங்கமே நிவேதாவைப் பார்த்தது. கூட ஆய்வு செய்து மேடையில் பக்கத்தில் நின்ற மாரிச்செல்வம், போன வாரம் திருச்செந்தூரில் மொட்டை போட்டு வந்தவன், "ஏட்டி, குரங்கு குளிச்சிருக்கும்னு சொல்லு" என்று கிசுகிசுத்தான்.

அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். விரல் பிசுபிசுத்தது. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாப் பாட்டிலிலும் தண்ணீர் மொண்டது இந்தக் கைதான்.

"அது என் தலையில உள்ள எண்ணெய் சார். எல்லாத்துலயும் என் கை பட்டிருக்கு."

"அப்ப உன் முடிவெல்லாம்?"

"ஒண்ணும் நிக்காது சார். திரும்ப எடுக்கணும்."

"இதே கையாலயா?"

நிவேதாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாரிச்செல்வத்தின் காலரைப் பிடித்து, அந்த மொட்டைத் தலையை மேடையின் விளிம்புக்கு இழுத்து நிறுத்தினாள்.

"இந்தத் தடவ இவன் எடுப்பான் சார்."