கதம்பை அடிப்பதை நிறுத்தச் சொன்னேன்

உங்கள் ஊருக்கு அடுத்த ஐந்து வருஷத்தில் என்ன வேண்டும் என்று உங்களை யாராவது உட்காரவைத்துக் கேட்டதுண்டா? நான் கேட்டிருக்கிறேன். டைப்ரைட்டரும் கையுமாக, ஊர் ஊராகப் போய்.

பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அபிவிருத்தி ஆபீஸில் தற்காலிக வேலை கிடைத்தது. ஐந்தாண்டுத் திட்டத்துக்கு ஜனங்களிடமே யோசனை கேட்க வேண்டும். அங்கேயே டைப் அடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பேசப் பேசவே தமிழில் அடிக்க என்னை விட்டால் ஆபீஸில் ஆள் இல்லை. அந்தத் திமிரோடுதான் போன மாதம் வடசேரியில் பஸ் ஏறி, தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் காயலோர ஊர் ஒன்றில் இறங்கினேன்.

இறங்கியதுமே கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது. தேங்காயை உரித்த மட்டையை அந்தப் பக்கம் கதம்பை என்பார்கள். மாதக்கணக்கில் அது காயலில் கிடந்து ஊறும். பெண்கள் அதை எடுத்துக் கரையில் வைத்துத் தடியால் அடித்துத் தும்பு பிரிப்பார்கள். தும்பிலிருந்து கயிறு.

பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம். பதினைந்து ஆண்கள். கரையிலிருந்து டொக்கு டொக்கென்று அடி. யார் பேசுவதும் காதில் விழவில்லை. 'கூட்டம் முடிகிறவரை நிறுத்துங்கள்' என்று சொல்லியனுப்பினேன். நின்றது. எனக்கு ஏக கௌரவம்.

ஒருவர் ரயில் கேட்டார்.

"ரயில் ஏறி எங்க வே போவீரு?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"போறதுக்கு இல்ல வே. எனக்க மருமவன் வாறதுக்கு. வண்டி இல்லேன்னு சொல்லியே மூணு வருசம் ஓட்டிட்டான்."

ரயில், ஆஸ்பத்திரி, பாலம் என்று ஐந்தோடு பட்டியல் நின்றுவிட்டது. ஐந்து எனக்குப் போதவில்லை. நானே எடுத்துக்கொடுத்தேன்: "இந்த நாத்தத்துக்கு ஒண்ணும் செய்ய வேண்டாமா?"

கரையோரத் தென்னந்தோப்புக்காரர் எழுந்தார். "நல்லா கேட்டீரு சாரே. கதம்ப ஊறப்போடுத அந்தக் காயல் வெள்ளத்த மண்ணடிச்சு மூடணும். கொசுவும் போவும், நாத்தமும் போவும்."

மூடினால் அவருடைய தோப்பு அந்தப் பக்கம் நீளும் என்பது எனக்கு உறைக்கவில்லை. கைகள் உயர்ந்தன. ஆறாவது வரியாக அடித்தேன். பதினைந்து கையெழுத்து.

பஸ்ஸுக்கு நடந்தபோது ஒரு அக்கா வழியை மறித்தார். முழங்கை வரை தும்புத் தூசி, கையில் தடி.

"அடிய நிறுத்தச் சொன்னது நீரா?"

"ஆமாக்கா. சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"எங்க வேலைய நிறுத்தி வச்சிட்டு அப்பிடி என்ன பேசினிய?"

பெருமையாக வாசித்துக் காட்டினேன். ஆறாவது வரியில் தடியை உயர்த்தினார். வாசிப்பு தானாக நின்றது.

"அதுக்குள்ள எனக்க கதம்ப கெடக்கு. இன்னும் நாலு மாசம் கெடந்தாத்தான் அடிக்க ஆவும். மண்ணடிச்சு மூடினா நாங்க இத்தன பேரும் எங்க போய் அடிக்கியது?"

"நாத்தம்..."

"நாறினாத்தான் சாரே கதம்ப பழுக்குதுன்னு அர்த்தம். நாறல்லேன்னா அடுப்பு எரியாது."

"நீங்க கூட்டத்துக்கு வரல்லியே" என்றேன்.

"வரச் சொல்லல்லியே. சத்தம் போடாதேன்னுல்லா சொல்லி விட்டீரு."

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறு ஊர்களில் கூட்டம் நடத்தும்போதெல்லாம் வெளியே என்ன சத்தம் கேட்கிறது என்று எட்டிப் பார்த்தேன். ஆறாவது வரியை அழித்துவிடலாமா என்று அதிகாரியிடம் கேட்டேன். "தம்பி, அவர்கள் கையெழுத்துப் போட்டதை நீ அழிக்க முடியாது. அந்தப் பதினைந்து பேரில் எட்டுப் பேர் மறுபடி கூடி, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மாற்றலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபைல் மேலே போகிறது" என்றார்.

அந்த அக்காவிடமே போய்ச் சொன்னேன். தடியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"அந்தப் பதினஞ்சு பேருக்கும் சோறு பொங்கியது ஆரு? நீரு வெள்ளிக்கெழம மெசினக் கொண்டு வாரும்."

இன்று வெள்ளிக்கிழமை. காயல் கரையில் கவிழ்த்துப் போட்ட கூடை மேல் டைப்ரைட்டர். மூட வேண்டாம் என்ற தீர்மானத்தை அடித்து முடித்தாயிற்று; எட்டுக் கையெழுத்துதான் வேண்டும். கை சும்மா இருக்க மாட்டேன் என்பதால் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் பெண்களும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ரயில் கேட்டவர் முதல் ஆளாக வந்து, கையெழுத்தும் போட்டுவிட்டு, "ரயில வெட்டிராதேயும்" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். தோப்புக்காரர் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதாம். ஆபீஸுக்குப் போக எனக்கு நாலு மணி பஸ்தான் உண்டு. இப்போது மூன்றே முக்கால். ஏழு பேர் வந்திருக்கிறார்கள்.