முகம் திருப்பாத பாக்கியக்கா

சனிக்கிழமை மத்தியானம் ஊட்டி மார்க்கெட்டில் கடைக்கு வேண்டிய முட்டைக்கோஸும் பீன்ஸும் வாங்கி, மூட்டைகளைப் பஸ் கூரையில் ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். கூடலூர் பஸ் கிளம்பியது. டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்த கண்டக்டர் என்னைப் பார்த்ததும் குனிந்தார்.

“ஏனுங்க, உங்க கடைக்கு மேல லைன் வீட்டுல இருக்கிற பாக்கியம்மா காலையில தவறிட்டாங்களாமா. சேதி வந்துச்சுங்களா?”

வரவில்லை. மார்ச்சளி என்று ஒரு வாரமாகப் படுத்திருந்தார். முந்தின நாள்கூட, கஞ்சி வேண்டாம், பாண்தான் வேண்டும் என்று சண்டை போட்டார். ரொட்டிக்குச் சிலோன் பேர் அது. இவ்வளவு சண்டை போடுகிறவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று நம்பித்தான் நான் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன்.

சாவுச் செய்தி கேட்டால் மனிதனுக்குக் கண்ணீர் வரவேண்டும். எனக்கு வந்தது பரபரப்பு. எழுந்து நின்றேன். கம்பியைப் பிடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன். நடுவட்டம் தாண்டி வளைவுகளில் பஸ் இறங்கத் தொடங்கியதும் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுவிட்டேன். “நீங்க நின்னா பஸ்ஸு வெரசாப் போயிருமுங்களா? போய் உக்காருங்க சாமி,” என்றார் கண்டக்டர். அவரிடம் என்னவென்று சொல்வது? என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. டேமில் யார் உட்காருவார்கள்?

பாக்கியக்காவோடு பழகிய உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடமும் நானும் எட்டாம் வகுப்போடு ஒருவரை ஒருவர் கைவிட்டவர்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடக்கத்துக்கு நான் வரவில்லை என்று உங்களில் பலருக்கு என்மேல் வருத்தம். அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து சனங்கள் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, இந்த மலைக்கு லாரி லாரியாக வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஒரு மழை நாளில் பாக்கியக்காவும் வந்து இறங்கினார். தனி ஆள். புருஷனை அங்கேயே புதைத்துவிட்டு வந்தவர், பிள்ளை கிடையாது. அங்கே அவருக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்து எடுக்க மலையேறும்போது குழந்தைகளை விட்டுப்போகிற அறையை அப்படிச் சொல்வார்களாம். இங்கே அப்படி ஒரு வேலை அவருக்கு வாய்க்கவில்லை. கூடையைக் கொடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

முதல் நாள் கடைக்கு வந்தவர் என்னை “மொதலாளி” என்று கூப்பிட்டார். ஒரு பலகையும் நாலைந்து பிஸ்கட் பாட்டிலும் உள்ள கடைக்கு முதலாளி! என் அப்பா மேட்டுப்பாளையத்துப் பக்கமிருந்து மூட்டை தூக்க மலையேறியவர். எங்கள் வம்சத்தில் யாரையும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அன்று முழுக்கக் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன். ஊட்டுக்குப் போய் என் மனைவி சரசுவிடம், “மொதலாளிக்குத் தண்ணி கொண்டா” என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் ஊரில் கடை வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் அதுதான் பெயர் என்று அப்புறம்தான் தெரிந்தது. சரசு தண்ணீரும் கொண்டுவரவில்லை.

டேம் என்று நாம் பெருமையாகச் சொல்வது, ஃபாக்டரிக்குத் தண்ணீர் எடுக்க ஓடையை மறித்துக் கட்டிய சின்னத் தடுப்பைத்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லா லைன் சனமும் அங்கேதான். பெரியவர்கள் துவைப்பார்கள், பிள்ளைகள் தண்ணீரைக் கலக்குவார்கள். பாக்கியக்கா துவைக்கவும் மாட்டார், குளிக்கவும் மாட்டார். தண்ணீரோரப் பாறையில், நீண்ட மூங்கில் கழியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, கடைசிப் பிள்ளை கரையேறும்வரை உட்கார்ந்திருப்பார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. ‘டேம் கங்காணி’ என்று அவருக்கு நாம் வைத்த பட்டப்பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவரும் கேட்டிருப்பார்.

பேசினால் பதில் சொல்வார். முகத்தை மட்டும் திருப்ப மாட்டார். எனக்கோ, பேசுகிறபோது எதிராளி என் மூஞ்சியைப் பார்க்காவிட்டால் சோறு செரிக்காது. கடையிலிருந்து தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். தேத்தண்ணியில் சீனியைக் கலக்கவிட மாட்டார்; தண்ணீரைப் பார்த்தபடியே உள்ளங்கையை நீட்டுவார், அதில் சீனியைக் கொட்டவேண்டும், நாக்கால் தொட்டுத் தொட்டுக் குடிப்பார்.

“ஏனுங்கக்கா, என்னையப் பாத்துப் பேசுனா என்ன? அவ்வளவு மோசமாவா இருக்கறேன்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“உங்கள நேத்துதானே கடையில பாத்தேன் மொதலாளி. ஒரு ராத்திரியில என்னா மாறியிருக்கப் போறீங்க? வயிறு மட்டுந்தான்.”

அப்போது என் மகள் அமுதாவுக்கு ஆறு வயது. மற்றப் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினால் மலையே அதிரும். அமுதா வாயே திறக்க மாட்டாள். பொம்பளைப் பிள்ளை என்றால் இப்படி அடக்கமாக இருக்கவேண்டும் என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் மெச்சுவார்கள். ஏதோ என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுபோல நானும் தலையாட்டுவேன். பாக்கியக்காவின் பார்வை எங்கே சுற்றினாலும் திரும்பத் திரும்ப அமுதாவின் மேல் வந்து நிற்பதை முதலில் கவனித்தவள் சரசுதான்.

“ஏனுங்க, அந்தம்மா நம்ம பாப்பாவையே உத்து உத்துப் பாக்குது, பாத்தீங்களா? புள்ள இல்லாதவங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்குதுங்க.”

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்தால் எங்கள் ஊட்டில் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுகிற வேலை தொடங்கியது. மிளகாய் நெடியில் இருமுவது நான். அமுதாவின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் ஏறியது. விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்த மை. தண்ணீரில் சுலபமாகப் போகாது. மிளகு அளவில் ஆரம்பித்த பொட்டு வாரத்துக்கு வாரம் வளர்ந்து எட்டணா அகலத்துக்கு வந்துவிட்டது.

அப்படியும் மனம் ஆறாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை சரசு எங்களைப் பாறைக்கு மறைவாக, நாணல் மண்டிய வளைவுக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்து பார்த்தால் பாக்கியக்கா தெரிய மாட்டார். நிம்மதியாகத் துணியை நனைத்தாள். நாலு துணி அலசியிருக்க மாட்டாள், நாணலை விலக்கிக்கொண்டு, மூங்கில் கழியோடு பாக்கியக்கா வந்து கரையில் நின்றார்.

“பாத்தீங்களா! இங்கயும் வந்துட்டாங்க! மொதலாளி மொதலாளின்னு பேரு மட்டும் இருந்தாப் போதுங்களா? போய்க் கேளுங்க!”

போனேன். என் வீரம் உங்களுக்குத் தெரியும். “அக்கா, இங்க வெயில் சாஸ்திங்க, அங்கயே நெழல்ல உக்காந்திருக்கலாமில்லீங்க,” என்று ஆரம்பித்தேன். அவர் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். அமுதா தண்ணீரில் தாடைவரை நின்றாள். தலை பின்னால் சாய்ந்து, முகம் வானத்தைப் பார்த்து, வாய் திறந்து, இரண்டு கைகளும் தண்ணீரை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. ஒரு சத்தம் இல்லை.

“பாருங்கக்கா, எம் பொண்ணு நீச்சக் கத்துக்கிட்டா!” என்றேன். கைகூடத் தட்டினேன்.

தட்டின கை விலகுவதற்குள் பாக்கியக்கா தண்ணீருக்குள் இருந்தார். கழியால் தரையைக் குத்திப் பார்த்தபடி மார்பளவு ஆழத்துக்குப் போனார். கழியை நீட்டினார். அமுதா அதைப் பிடிக்கவில்லை. பிடிக்கிற நிலையில் அவள் இல்லை. அந்த முகம் உள்ளே போய், கன்னத்துக் கறுப்பு மட்டும் ஒருமுறை மேலே வந்தது. அந்த இடத்தில் கையை விட்டு முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். நான் கரையில் நின்று என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள்.

கரையில் போட்டு ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகில் தட்டினார். தண்ணீர் வந்தது. பிறகும் சத்தம் இல்லை. சரசு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மறுபடி தட்டினார். ஒரு இருமல். இன்னொன்று. அப்புறம் எங்கள் அடக்கமான பிள்ளை, மலை எதிரொலிக்க வீறிட்டு அழுதது.

“ம்ம். அழுவுது. இந்தாம்மா, உன் பிள்ள,” என்று தூக்கிச் சரசு கையில் கொடுத்தார். டேமோரத்தில் அவர் முகத்தைத் திருப்பி ஒருவரைப் பார்த்தது, நான் அறிய, அன்றுதான்.

சரசு அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். பாக்கியக்கா குனிந்து தூக்கிவிட்டார். “சத்தம் போடுற பிள்ளைங்கள காதாலயே பாத்துக்கலாம். சத்தம் நின்னா திரும்பிப் பாக்கணும், அவ்வளவுதான். இது சத்தமே போடாத பிள்ள. இதைக் கண்ணால மட்டுந்தான் பாக்க முடியும்.” பிறகு அமுதாவின் கன்னத்தைத் தொட்டார். “இது தெரிஞ்சுச்சு, பிடிச்சேன். இன்னும் பெரிசா வையி.”

யாருக்குப் பயந்து வைத்த பொட்டு என்று தெரிந்துதான் சொன்னாரா? உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. பாக்கியக்காவின் சிரிப்பை நீங்கள் அறிவீர்கள்.

அடுத்த வாரம் தேநீர் கொண்டுபோனபோது, “அக்கா, நீச்சல் எங்க கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டேன்.

“எனக்கு எங்க நீந்தத் தெரியும்? தெரிஞ்சவங்க விழுந்த பொறவு குதிக்கலாம் மொதலாளி. தெரியாதவ முன்னாடியே பாக்கணும்.” உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டார். “விடிய வாங்குன பிள்ளைய பொழுதுபட தாய் கையில குடுக்கணும். அங்க எனக்கு அது வேல. இங்க வேல இல்ல. பழக்கம் மட்டும் கூடவே கப்பலேறி வந்துருச்சு.”

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

பாக்கியக்காவை வாசலில் கிடத்தியிருந்தோம். எல்லா லைனிலிருந்தும் நீங்கள் வந்திருந்தீர்கள். தப்புமேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. மூங்கில் வெட்ட ஆள் அனுப்புவது, வந்தவர்களுக்கு டீ ஊற்றுவது என்று ஒரு இடத்தில் நில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று குறைகிறது, என்னவென்று தெரியவில்லை. திடீரென்று உறைத்தது. தப்பு அடிக்கிற இடத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. தப்படிக்காரர் காலுக்கடியில் வந்து விழுகிற பிள்ளைகள்! பெரியவர்கள் மொத்தமும் இங்கே. டேமில் அதட்ட ஒரு ஆள் இல்லை.

ஓடினேன். ஒரு செருப்பு வழியில் போயிற்று. வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு டேமுக்குப் போய்ச் சேர்ந்தால், அத்தனையும் தண்ணீரில். முந்தின நாள் மழையில் ஓடை வேறு கலங்கி ஏறியிருந்தது. “ஏறுங்கடா மேல!” என்று கத்தினேன். இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கின. அடிக்கப் போனால் சிரித்தன. என் சொல்லுக்கு ஊட்டிலேயே மதிப்பில்லை, ஓடையில் எங்கே இருக்கும்? கூட்டத்தில் அமுதாவும் இருந்தாள். இப்போது அவளுடைய சத்தம்தான் பெரிது. மூங்கில் கழி நாணலில் சாய்ந்து கிடந்தது. எடுத்து மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மாரிமுத்து தேடிக்கொண்டு வந்தார். பாக்கியக்கா வந்த லாரியிலேயே வந்தவர். அவரை அக்கா என்று உரிமையோடு கூப்பிட்டவர்.

“என்னா மொதலாளி, அங்க அக்காவ எடுக்கப் போறாங்க, நீங்க இங்க காத்து வாங்குறீங்களா? கெளம்புங்க!”

“நீங்க போங்க. நான் வரலை.”

“ஒரு மனுசன் வந்து நிக்கிறான், மூஞ்சியப் பாத்துச் சொன்னா என்னா?”

கேட்டுவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். என் மடியில் கிடந்த கழியைப் பார்த்திருக்க வேண்டும். திரும்பி மேலே போனார்.

தப்புச் சத்தம் லைனைவிட்டுக் கிளம்பி, என் முதுகுக்குப் பின்னால் மேட்டுப் பாதையில் நகர்ந்தது. அந்தப் பாதை டேமிலிருந்து நன்றாகத் தெரியும். தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம். அதே நேரம் இரண்டு பையன்கள் கலங்கல் தண்ணீரில் நடுப்பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். சத்தம் தேயிலைக்குள் போய் அடங்கும்வரை நான் அந்த இரண்டு தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் இருந்தது முழுக்க மங்கலாகத் தெரிந்ததால், துடைத்துத் துடைத்துப் பார்க்கவேண்டியிருந்தது.

இதனால்தான் நான் வரவில்லை.

அவருடைய டிரங்குப் பெட்டியும் தகரக் கோப்பையும் யார் யாருக்கோ போயின. எனக்கு மூங்கில் கழியும் ஞாயிற்றுக்கிழமையும் வந்திருக்கின்றன. எனக்கும் நீந்தத் தெரியாது. ஆகவே முன்னாடியே பார்க்கிறேன். அவரைப்போல அமைதியாக உட்கார வரவில்லை. எழுகிறேன், உட்கார்கிறேன், கழியால் தரையைக் குத்துகிறேன். பேச்சை மட்டும் எப்படியோ விட்டுவிட்டேன். சரசு நம்ப மறுக்கிறாள்.

போன வாரம் முகாமிலிருந்து புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு சின்னப் பையன். தண்ணீரில் நின்றால் சத்தமே வராது. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தாய் என்னை ஒரு முறை முறைத்தாள், பையனைக் கரைக்கு இழுத்தாள், முந்தானை முடிச்சிலிருந்து மைச்சிமிழை எடுத்தாள்.

“பெரிசா வையுங்கம்மா,” என்றேன், முகத்தைத் திருப்பாமல்.