குசினிக்குப் பின்னால் ஒரு பசளிக்கொடி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம். மாங்குளத்திலிருந்து உள்ளே போகும் வீதியில் இருக்கிற சிறிய பாடசாலை ஒன்றில் நான் விஞ்ஞான ஆசிரியை. வளவில் மரக்கறித் தோட்டம் ஒன்று அமைக்க வேண்டும், அதைப் பிள்ளைகளே திட்டமிட்டு வரைய வேண்டும் என்று அதிபர் சொல்லியிருந்தார். எட்டாம் தரப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், தோட்டம் எங்கே வரவேண்டும் என்று நான் முதலே முடிவு செய்திருந்தேன். வாசலுக்கு நேரே, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில். வருகிறவர்களின் கண்ணில் பட வேண்டுமே.

என் மனதை அறிந்ததுபோல எல்லோரும் அங்கேயே வரைந்தார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. தாயும் தகப்பனும் மற்றவர்களின் தோட்டங்களில் கூலி வேலை செய்தார்கள். சொந்தமாக ஒரு துண்டுக் காணியும் இல்லை. அவளுடைய தாளில் தோட்டம் மதிய உணவு சமைக்கும் குசினிக்குப் பின்னால் இருந்தது. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தட்டுக் கழுவும் குழாயடியிலிருந்து தண்ணீர் ஓடும் வழியை அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தாள்.

ஏன் என்று கேட்டேன். கோடையில் முன்பக்கத்துக்குத் தண்ணீர் காணாது என்றாள். முன்னுக்கு இருந்தால்தானே வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்றேன்.

"பாக்கிறதுக்கோ ரீச்சர், சாப்பிடுறதுக்கோ?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஆனால் வகுப்பு சிரித்துவிட்டது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவளை இருக்கச் சொல்லிவிட்டு, அந்தத் தாளை மற்றத் தாள்களுக்கு அடியில் வைத்தேன்.

கத்தரியும் மிளகாயும் முன்பக்கம் நட்டோம். வந்தவர்கள் படமெடுத்தார்கள். சித்திரை விடுமுறைக்குப் பிறகு வறண்ட சோளகக் காற்று அடிக்கத் தொடங்கியது. கிணற்றில் தண்ணீர் இறங்கிப் போக, இனிக் குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் மட்டும்தான் என்று அதிபர் சொல்லிவிட்டார். இரண்டு கிழமைக்குள் முன்பக்கம் சருகாகிப் போனது.

அந்த நேரம் ஒரு கிழமைப் பயிற்சிக்காக நான் கிளிநொச்சிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவளுடைய கதிரை வெறுமையாக இருந்தது. தகப்பனுக்கு ஓமந்தைப் பக்கம் வேலை கிடைத்துக் குடும்பமாகவே போய்விட்டார்களாம்.

சில நாட்கள் கழித்து, மதிய உணவு சமைக்க வரும் தாய்மாரில் ஒருவர் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். குழாயடியிலிருந்து கையகலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. அது முடிகிற இடத்தில் வேலிக் கம்பியே தெரியாதபடி பசளிக்கீரைக்கொடி படர்ந்து நின்றது. பக்கத்தில் பூசணி பூத்திருந்தது. யார் வைத்தது என்று கேட்கத் தேவையில்லை. இருந்தும் கேட்டேன்.

"உங்கட வகுப்புப் பிள்ளைதான், ரீச்சர். இடைவேளையில வந்து செய்வாள். போற அண்டைக்கும் வாய்க்காலைத் துப்புரவாக்கிப்போட்டு உங்களைக் கேட்டவள். நீங்கள் இல்லையெண்டு சொன்னன். கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டிட்டுப் போனவள்."

அன்று அந்தப் பசளியைப் பருப்போடு சமைத்தார்கள். பிள்ளைகள் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டில் தந்தார்கள். சாப்பிட்ட தட்டைக் குழாயடியில் கழுவியபோது தண்ணீர் அவளுடைய வாய்க்காலில் ஓடியது.

அடுத்த வருடம் பிள்ளைகளை வளவு முழுக்க நடக்கவிட்டு, தண்ணீர் எங்கே ஓடுகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகே வரையச் சொன்னேன். இப்போது குசினியைச் சுற்றித்தான் எங்கள் தோட்டம். அவளிடம் இதைச் சொல்லத்தான் வழியில்லை. தகப்பன் பாடசாலையில் கொடுத்திருந்த தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை.

வவுனியாவுக்கு பஸ்ஸில் போகும்போது ஓமந்தை வந்தால் யன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். வெள்ளைச் சீருடையோடு சைக்கிளில் போகும் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகப் பார்ப்பேன். இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயது. கண்டாலும் அடையாளம் தெரியுமோ என்னவோ. அவளைக் காணக் கிடைக்காத ஏக்கம் இன்னும் தீரவில்லை. ஆனால் வகுப்பில் எந்தப் பிள்ளை கையை உயர்த்தினாலும், அது சொல்லி முடிக்கும்வரை இப்போது நான் வாய் திறப்பதில்லை.