வலது பக்கம் கம்மி

நடுவில் உட்காருகிறவன் எவனாக இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். ப்ரீஆம்ப் என்பதும் அப்படி ஒரு நடுவாள். பாட்டு வருகிற பெட்டிக்கும், ஸ்பீக்கரை முழங்கவைக்கிற ஆம்ப்ளிஃபயருக்கும் இடையில் உட்கார்ந்துகொள்ளும். வருகிற பாட்டில் எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் திருடக் கூடாது. அதற்கு வேறு இலக்கணம் கிடையாது.

திருவொற்றியூர் கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் மெஷினோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டி ரிட்டயர் ஆன கையோடு, டோல்கேட் பக்கம் கடை வைத்திருக்கும் ரேடியோ மெக்கானிக் தோஸ்திடம் ஒன்று செய்யச் சொன்னேன். பாட்டு இல்லாமல் வால்யூமை முழுசாகத் திறந்தாலும் இரையக் கூடாது. குமிழைத் திருகினால் கரகரக்கக் கூடாது. ராயபுரத்து உப்புக் காற்றில் பச்சை பிடிக்காத சாக்கெட் வேண்டும். முக்கியமாக, இடது வலதைச் சரிக்கட்ட பேலன்ஸ் குமிழ் வேண்டும்.

"இப்ப அத்த யாரும் வெக்கிறதில்ல மாமு," என்றான். அது இல்லாத ப்ரீஆம்ப் ஸ்டெப்னி இல்லாத லாரி என்றேன். வைத்துக் கொடுத்தான்.

வீட்டில் மாட்டினேன். வலது பக்கம் கம்மி. பேலன்ஸை முக்கால்வாசி வலப்பக்கம் தள்ளினால்தான் சமமாக வந்தது. ஒரு பக்கத்துக்கு மட்டும் பழைய பார்ட்ஸைச் சொருகிவிட்டான் என்று முடிவுகட்டினேன். மீட்டர் வைத்து இரண்டும் ஒன்றுதான் என்று காட்டினான். அந்த மீட்டர்மேலும் சந்தேகப்பட்டேன். அப்போது வீட்டிலும் யாரையும் நம்பவில்லை. மகளோடு போனில் பேசும்போது மனைவி குரலைத் தாழ்த்துகிறாள். கேட்டால், "நான் எப்பவும் போலதான் பேசிகினு கீறேன்," என்று எரிந்து விழுகிறாள். இரண்டு பேரும் எதையோ மறைக்கிறார்கள்.

கடைசியில் மெக்கானிக்கின் முகத்துக்கு நேராகவே திருடன் என்று சொல்லிவிட்டேன். இருபது வருஷப் பழக்கம். அவன் என்னோடு கிளம்பி வீட்டுக்கு வந்தான். பேலன்ஸ் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, ப்ரீஆம்ப்பின் பின்னால் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிச் சொருகினான். கோளாறு ப்ரீஆம்ப்பில் இருந்தால் குறை இடப்பக்கம் போக வேண்டும். போகவில்லை. ஸ்பீக்கர்களையே தூக்கி இடம் மாற்றினான். அப்போதும் வலதுதான் கம்மி.

"நாற்காலிய திருப்பிப் போட்டுக் குந்து மாமு."

ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அதுவரை நன்றாகப் பாடிய ஜன்னலோர ஸ்பீக்கர் அடங்கிப்போனது. மற்றது ஓங்கியது.

"உன் மெஷினு எந்தப் பக்கம் நின்னுச்சு?" என்று கேட்டான்.

வலது பக்கம். காதில் பஞ்சாவது வைத்துக்கொள் என்றவர்களைப் பார்த்துச் சிரித்தவன் நான். வெட்கமாக இருந்தது. அவன் கையைப் பிடித்தேன். "வுடு மாமு," என்று கிளம்பிவிட்டான்.

சாயங்காலம் மனைவி டீயோடு வந்து, வழக்கம்போல என் வலது பக்கம் உட்கார்ந்து ஏதோ சொன்னாள். நான் எழுந்து, சுற்றிப் போய் அவளுக்கு மறுபக்கம் உட்கார்ந்தேன்.

"இன்னாய்யா, அந்தாண்ட பூட்ட?" என்றாள்.

எப்பவும் போலதான் பேசினாள்.