கனகலக்ஷ்மியின் குழாயடிக் கவிதை

கனகலக்ஷ்மியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் அவளைக் கெடுத்தவள் நான்தான். வேறு யார் வந்து எழுதப்போகிறார்கள்?

எழுபத்து நாலாம் வருஷம், மைசூரில் ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் தமிழ் வீட்டுப் பெண்கள் நாங்கள் நாலு பேர். மற்றவர்கள் எங்களைக் 'கொங்காட்டி' என்று, தமிழர்களை இளப்பமாகச் சொல்லும் கன்னட வார்த்தையால் கூப்பிடுவார்கள். அதனால் லேபுக்குப் பின்னால் தனியாகச் சாப்பிடுவோம். அங்கேதான் கனகா கவிதை சொல்ல ஆரம்பித்தாள். அவள் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா. இவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் மற்ற இரண்டு பேரும் கையில் எடுத்த புளியோதரையை மறந்துவிடுவார்கள். அந்த அரை மணி நேரம் நாங்களும் மனுஷிகள்தான் என்று இருக்கும்.

கவிதை தமிழ், எழுத்து கன்னடம். பள்ளியில் தமிழ் கிடையாது. பேசுகிற தமிழைக் கன்னட எழுத்தில்தான் எழுதுவாள். எனக்கு மட்டும் அப்பா ஸ்கேலால் அடித்துத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்திருந்தார். எழுத்து இருந்தது, எழுத ஒன்றும் இல்லை. அவள் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரியும்.

ஊர்த் தமிழ்ச் சபை கவிதைப் போட்டி வைத்தது. தமிழ் எழுத்தில் எழுதித் தரவேண்டும். கனகா நோட்டை நீட்டினாள்.

"ஸ்வல்ப இதைத் தமிழ் எழுத்துல எழுதிக் குடுத்துடு சுலோ. கீழ என் பேரைப் போட்டுடு."

'குழாயடியில் அம்மா குடத்தோடு நிற்கிறாள். தண்ணீர் வருவதற்குள் நான் பெரியவளாகிவிட்டேன்.' அழகாக எழுதினேன். கீழே சுலோசனா என்று போட்டேன். கை தவறவில்லை, தெரிந்தேதான் போட்டேன்.

முதல் பரிசு. என் பெயரைப் படித்ததும் பட்டுப்பாவாடையோடு கனகா எழுந்து, அது என்னோடது என்றாள். சபைச் செயலாளர் யக்ஞநாராயணன் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, தாளைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மேலும் கீழும் பார்த்தாள். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. மனப்பாடமாகச் சொன்னாள், ஒரு சொல் பிசகாமல். அவர் மசியவில்லை. நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள்.

"தோழி சொல்லச் சொல்லக் காதால கேட்டு, தெரிஞ்ச எழுத்துல எழுதிண்டிருக்கே. தமிழே எழுதத் தெரியாதவ தமிழ்க் கவிதை எழுதினாளாம்."

சபை சிரித்தது. அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார். ஆமாம் மாமா, என்னோடதுதான் என்றேன்.

மறுநாள் மற்ற இருவரும் அவளைத் திருடி என்று சொல்லி டிபன் டப்பாவை நகர்த்திக்கொண்டார்கள். நான் பாட்டுக்குச் சாப்பிட்டேன். மானம் போயிற்று என்று அவள் அப்பா நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம். புருஷனுக்கு ஹெப்பாளில் ஃபாக்டரி வேலை.

பதினாலு வருஷம் கழித்து தேவராஜ மார்க்கெட் வெற்றிலைக் கடையில் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள், முகத்தில் துளி கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. அந்தக் கவிதை உன்னோடது, நான் திருடினேன் என்று சொல்லிவிட்டேன்.

கனகா என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

"என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றே. நான்தான் உன்னோடதைக் கேட்டு எழுதியிருப்பேன். அவ்வளவு பெரியவா சொன்னாளே, பொய்யா இருக்குமா? என் பொண்ணுகிட்டகூடச் சொல்லியிருக்கேன், சுலோ மாமி நன்னா கவிதை எழுதுவாள்னு."