கேரியருக்கு ஏற்ற பை

தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்பவர் காலை எட்டு மணிக்கு அழுக்கில்லாமல் நிற்க வேண்டும். ஓசூரில் சைக்கிள் மிதித்து வேலைக்கு வருபவரால் அது முடியாது. அந்த இரண்டு பேரும் நான்தான். கம்பெனி பஸ் எங்கள் தெருப்பக்கம் வராது. அதனால் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளைச் சொந்த ஊரான கல்லாவியிலிருந்து கொண்டுவந்துவிட்டேன். தினமும் எடுத்துப்போக வேண்டியவை சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், நோட்டு, இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூ.

ஆறு மாதப் பயிற்சி முடிந்ததும் நேர்காணல். தேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் கல்லாவிக்கே பஸ். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பஸ்ஸில் ஏறவே கூடாது. சைக்கிள்கார நண்பர்களே, மீதி உங்களுக்கே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

கழற்றிய பிறகும் இருந்த பை

முதலில் காலேஜ் பையை முதுகில் மாட்டினேன். சிப்காட் மேட்டைத் தாண்டுவதற்குள் வெளிர்நீலச் சட்டையில் பை இருந்த இடம் மட்டும் கருநீலமாகிவிட்டது. இரண்டு வார்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. பையை லாக்கரில் வைத்துவிட்டு லைனில் போய் நின்றேன். பின்னால் வந்த சூப்பர்வைசர் முனிராஜ் சார், "பையெல்லாம் லாக்கர்ல வெச்சுட்டு வரணும்மா" என்றார். "வெச்சுட்டேன் சார்" என்றேன். கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"அப்ப இது அதோட நிழலா?"

மதுவே

முதுகு வேண்டாமென்று, மாமா பெண் கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டேன். கேட்டில் பைகளைச் சோதிக்கும் மஞ்சப்பா அண்ணன் கன்னடக்காரர். பையில் அச்சடித்திருந்த மணமக்கள் பெயரைத் தொட்டுக் காட்டி, "மதுவேனா?" என்று கேட்டார்.

எனக்கு மது என்றுதான் காதில் விழுந்தது. "சத்தியமா இல்லீங்கண்ணா, எங்க வீட்ல யாருக்கும் அந்தப் பழக்கமே கிடையாது!" டப்பாவைத் திறந்து சாம்பார் சாதத்தைக் காட்டினேன். பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தும் காட்டினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் ஏதோ தப்பு என்று தெரிந்தது. மஞ்சப்பா அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மதுவே அந்த்ரெ கல்யாணம்மா! உங்க வீட்ல யாருக்கும் கல்யாணப் பழக்கமே இல்லியா?"

ஒற்றைக் கால்

அந்தப் பையின் காது ஒரே வாரத்தில் சக்கரத்துக்குள் போய்விட்டது. பிறகு எல்லாவற்றையும் ஒரு மூட்டையாக்கி, பின்னால் கேரியரில் பழைய டியூபால் இறுக்கிக் கட்டினேன். பாகலூர் ரோட்டு வேகத்தடை ஒன்றில் ஷூ ஒன்று எகிறி விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. பேரிகை கிராமத்திலிருந்து தக்காளி ஏற்றிவந்த தெலுங்குக்கார வேன்காரர் துரத்திவந்து, ஹாரன் அடித்து, ஜன்னல் வழியே அதை நீட்டினார்.

"ஒரு காலை ரோட்ல விட்டுட்டு எக்கடிகி போற பாப்பா?"

இரண்டு மில்லிமீட்டர்

கடைசியில் சீட் கவர் தைக்கும் கரீம் பாயிடம் போனேன். கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி ரெக்சின் பை வேண்டும் என்று சொல்லி, நானே வரைந்த படத்தைக் கொடுத்தேன். நீளம், அகலம், ஒவ்வோர் அளவிலும் கூடக்குறைய இரண்டு மில்லிமீட்டர்தான் போகலாம் என்ற குறிப்பு, கீழே என் கையெழுத்து. பாய் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"தச்சுடலாம்மா. ஆனா வெயில்ல ரெக்சின் இழுத்துக்கும். நீ சொல்ற ரெண்டு மில்லிமீட்டரை மத்தியான வெயில் வந்து கேட்டா, நான் என்ன பதில் சொல்றது?"

அடுத்த திட்டம்

நேர்காணல் அன்று சட்டையில் ஒரு கறை இல்லை. ரெக்சின் பை அசையாமல் வந்து சேர்ந்த சந்தோஷம் தலை முழுக்க நிறைந்திருந்தது. முனிராஜ் சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதவளப் பிரிவு மேடம் கேட்டார்: "உங்க கேரியர்ல அடுத்து என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?"

இவருக்கு எப்படித் தெரியும் என்று ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொன்னேன். "இப்போதைக்கு வலது பக்கம் ஷூ, இடது பக்கம் சாப்பாடும் தண்ணியும் மேடம். எடை சரியா நிக்குது. மழைக்கு ஒரு மூடிதான் பாக்கி. வேலை பர்மனென்ட் ஆனா அதையும் தச்சுக்கலாம்னு இருக்கேன்."

முனிராஜ் சார் விழாத பேனாவை எடுக்க மேசைக்கு அடியில் குனிந்தார். மேடம் கேட்டது எந்தக் கேரியர் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்லாவி பஸ் கண்முன்னே வந்து நின்று கதவைத் திறந்தது. மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டே தாளில் ஏதோ எழுதினார், கையெழுத்துப் போட்டார், நிமிர்ந்தார்.

"மூடியைத் தைக்கச் சொல்லிடுங்க."

ஆக, என் இரண்டு கேரியரும் இப்போது உறுதியாகிவிட்டன. ஸ்டாண்டுதான் இன்னும் கொஞ்சம் ஆடுகிறது.