பலகைக்காரர் விழுங்கிய ‘லாம்’

பலகைக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைப் படித்தாலும், பிடித்த சொல் ஒன்று வந்துவிட்டால் ஆட்காட்டி விரலால் அதைக் காற்றில் ஒருமுறை எழுதிப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை, பிஸ்கட் உறை, பேருந்தின் முதுகு, எதுவானாலும் சரி. கல்யாணமான புதிதிலிருந்தே மனைவி இதைக் கவனித்து வருகிறாள். பிடிக்காத சொல் வந்தால் விரல் அசையாது. கண் மட்டும் அதைத் தாண்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ‘மது கூடாது’ என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தபோது விரல் சட்டைப் பையை விட்டு வெளியே வரவேயில்லை.

கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அறிவிப்புப் பலகை எழுதுவது அவர் தொழில். ‘வண்டி நிறுத்தலாம்’, ‘உள்ளே வரலாம்’, ‘எச்சில் துப்பக் கூடாது’ என்று எழுதி எழுதி, உலகமே அவருக்கு இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. லாம் என்றால் அனுமதி. கூடாது என்பதன் மேல் அவருக்குத் துளி மரியாதை இல்லை.

“கூடாதுன்னு நான் எழுதின சுவத்துலதான், பெயிண்ட் காயறதுக்குள்ள ஒருத்தன் வந்து நிக்கிறான். டாக்டர் எழுதினா மட்டும் என்ன வாழுதாம்” என்பார்.

பயம் இல்லாத ஆளும் இல்லை. அவருடைய அண்ணன் கல்லீரல் புற்றுநோயில்தான் போனார். வயிறு பானையாகி, கண் மஞ்சளாகி, கடைசி வாரத்தில் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் இவர். அந்தப் பயத்தில் குடியை விட்டுவிடுவார் என்று மனைவி நினைத்தாள். பயம் தெளிவதற்காக அவர் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். போதாக்குறைக்கு அவருடைய கல்லீரலிலும் தழும்பு விழுந்திருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. குடியை விட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஸ்கேன் மையத்துக்கு வாசல் பலகை எழுதிக் கொடுத்ததே இவர்தான். அந்த வாசலைத் தாண்டி உள்ளே மட்டும் போனதில்லை.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் அந்தத் தலைப்பு வந்தது: ‘கல்லீரல் புற்றுநோயைத் தடுக்கச் சாதாரண மாத்திரைகள் உதவலாம்.’ சர்க்கரைக்குப் போடுவது, கொழுப்புக்குப் போடுவது என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. பலகைக்காரரின் விரல் எழும்பி, ‘உதவலாம்’ என்று அழகாக, சுழி சுத்தமாக, காற்றில் எழுதியது.

வீட்டு முன்கட்டில் இருந்த பட்டறையின் கதவில் ஒட்டுவதற்காக அதைக் கத்தரித்தார். அடியில் இருந்த இரண்டு பத்தி கதவின் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று வெட்டி எறிந்துவிட்டார். டாக்டரைக் கேட்காமல் யாரும் இதையெல்லாம் போடக் கூடாது என்பது அந்த இரண்டு பத்தியில்தான் இருந்தது.

பலகைகளுக்கு இரும்புச் சட்டம் போடும் வெல்டர் வந்து பார்த்தார்.

“என்னண்ணே, சாமி படம் மாதிரி ஒட்டி வச்சிருக்கீங்க?”

“படிச்சுப் பாருடா. உதவலாம்னு போட்டிருக்கான். இனி ஈரலைப் பத்திக் கவலையில்ல.”

“அப்ப சாயங்காலம்?”

“வழக்கம்போல. காலையில மாத்திரை, சாயங்காலம் இது. ஒண்ணு கெடுத்தா ஒண்ணு காப்பாத்தும்.”

“மாத்திரைக்குச் சீட்டு கேப்பானே கடைக்காரன்?”

“கடை எதுக்கு? வீட்டுலயே ஒரு மருந்துக்கடையைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன்ல?”

அந்த மருந்துக்கடை அப்போது பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தது. காதில் விழுந்தது. துணியை இன்னொரு முறை முறுக்கிப் பிழிந்தது. அவளுக்குச் சர்க்கரையும் உண்டு, கொழுப்பும் உண்டு.

அவள் எப்போதும் மாத்திரை அட்டையை மேலிருந்து கீழாகப் பிதுக்கிக்கொண்டு வருவாள். அடுத்த நாளிலிருந்து அட்டை கீழிருந்தும் காலியாகத் தொடங்கியது. மேலே அவள், கீழே அவர், நடுவில் சந்தித்துக்கொண்டார்கள். அட்டை தீர்ந்த பிறகு அடுத்த அட்டை வரும்வரை அவளுக்கு மாத்திரை இல்லை. கேட்டால் வெடிப்பார் என்று வாயை மூடிக்கொண்டாள். தலை சுற்றியது, நாக்கு வறண்டது, இரவெல்லாம் எழுந்து எழுந்து போனாள்.

அவருக்கோ சர்க்கரை மாத்திரை வயிற்றைப் பிடுங்கிப் போட்டது. பலகைக்கு ஒரு கோடு இழுப்பார், கழிப்பறைக்கு ஓடுவார்.

“ஈரல்ல இருக்கிற அழுக்கெல்லாம் வெளிய வருதுடி” என்றார் பெருமையாக.

மாதம் திரும்பியதும் அவளுடைய பரிசோதனைக்குப் போனார்கள். துணைக்கு வந்தவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். இருவருக்கும் வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

“என்னம்மா இது, ஒரேயடியா ஏறியிருக்கு? இனிப்பு சாப்பிடறீங்களா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவர் முந்திக்கொண்டார்.

“எவ்வளவோ சொல்லிட்டேன் டாக்டர். வாயைக் கட்டமாட்டேங்கிறா.”

அதுவரை எதையும் பொறுத்துக்கொண்டவளால் இதை மட்டும் விழுங்க முடியவில்லை.

“என் மாத்திரையை இவர் சாப்பிடறாரு” என்றாள், மேசையைப் பார்த்து.

“யாரு?”

“இவருதான். குடிக்கிறதுக்குத் துணைக்கு.”

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். பலகைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பக்கம் ஆதாரம் இருந்தது.

“பேப்பர்லயே போட்டிருக்கான் டாக்டர், உதவலாம்னு.”

“சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ஏற்கனவே மாத்திரை போட்டுக்கிட்டிருந்தவங்கள்ல அந்தப் புற்றுநோய் கொஞ்சம் குறைவா தெரிஞ்சிருக்கு. அது மாத்திரையாலதானான்னு இன்னும் உறுதியாகல. அதுக்காக மட்டும் இதைப் போடச் சொல்லி யாரும் எழுதித் தர்றதில்ல. குடிச்சுக்கிட்டே சர்க்கரை மாத்திரை போட்டா உயிருக்கே ஆபத்தா முடியும், தெரியுமா?”

“லாம்னு இருந்துச்சே?”

“லாம்னா அனுமதியா?”

“பின்ன என்ன? முப்பது வருஷமா எழுதறேன், எனக்குத் தெரியாதா?”

“நாளைக்கு மழை வரலாம்னு சொல்றாங்களே” என்றாள் மனைவி, இன்னும் மேசையைப் பார்த்தபடி. “மழைக்கு யாருங்க அனுமதி குடுத்தது?”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்கேனுக்கு எழுதினார். பலகைக்காரர் அதை நீட்டிய கைக்கு அப்பால் பார்த்தார். சீட்டை மனைவி வாங்கிக்கொண்டாள். அவர் சட்டைக் கையையும் பிடித்துக்கொண்டாள். தெருவில் விடவில்லை. ஸ்கேன் மையத்தின் வாசலில் அவர் நின்றார்.

“இன்னொரு நாள் வரலாம்டி.”

“உங்க அண்ணனும் இதைத்தாங்க சொன்னாரு.”

தான் எழுதிய பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். உள்ளே போனார். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார். அதை அவள் திரைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தாள், பார்க்காததுபோல இருந்துவிட்டாள்.

கட்டி எதுவும் இல்லை. தழும்பு இருக்கிறது, முன்பு சொன்னதைவிடக் கூடுதலாக. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு அவரை அவள்தான் கூட்டிப் போகிறாள். குடியை விட்டு ஒரு வருடம் ஆகிறது என்று அவர் சொல்லித் திரிகிறார்; நடுவில் வெல்டர் வீட்டுக் கல்யாணத்தன்று நடந்ததை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை, அவள் சேர்க்கிறாள். அவளுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. மாத்திரை பீரோவுக்குள் இருக்கிறது, சாவி அவளிடம்.